குறி தவறினால் ட்ரிகரைத் திட்டாதீர்கள்

கொல்லிமலையிலிருந்து ரைபிள் பழக வரும் தம்பி தங்கைகளுக்கு,

ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி.க்குப் பெயர் கொடுத்திருக்கும் உங்களில் பலர் முதல் தடவையாக ஒரு .22 ரைபிளைக் கையில் வாங்கப் போகிறீர்கள். இன்னும் சிலர் ஏர் ரைபிள் பழகுவதற்காகக் கீழே இறங்கி வருகிறீர்கள். ரேஞ்சில் உங்கள் பக்கத்தில் குனிந்து நின்று சொல்லித்தருகிற வேலை என்னுடையது. வருகிற ஒவ்வொரு குழுவும் தவறாமல் ஒரு புகாரைக் கொண்டுவருகிறது: “சார், இந்த ட்ரிகர் ரொம்ப டைட்டா இருக்கு.” வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது அதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே எல்லோருக்குமாக இந்த மடல்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றம் பெரும்பாலும் ட்ரிகருடையது இல்லை. ஒன்று விரல், இல்லாவிட்டால் அழுக்கு. இந்த இரண்டையும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு: யாரோ ஒருவர் கெட்டிக்காரத்தனமாக அரம் போட்டுக் கெடுத்த ட்ரிகர். அதை ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர் மட்டும்தான் தொட வேண்டும்.

ட்ரிகர் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போது அதன் வாலில் இருக்கும் காக்கிங் பீஸ், சியர் என்கிற சிறிய எஃகுத் துண்டில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றுவிடுகிறது. ஃபயரிங் பின்னைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் நன்றாக அழுந்தியிருக்கிறது. அந்த விசை முழுவதையும் தாங்கி நிற்பது சியரும் காக்கிங் பீஸும் ஒன்றையொன்று கவ்வுகிற விளிம்பு. மில்லிமீட்டரில் அளக்க வேண்டிய விளிம்பு அது. நீங்கள் ட்ரிகரை அழுத்துவது அந்தக் கவ்வலை நழுவவிடுவதற்காக. நழுவியதும் பின் பாய்ந்து தோட்டாவின் அடி விளிம்பில் இடிக்கிறது; .22 தோட்டாவுக்குத் தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. கவ்வல் விட்டது முதல் குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை ஆகிற நேரம் சில மில்லி விநாடி. அதற்குள் ரைபிள் எந்தப் பக்கம் அசைகிறதோ குண்டும் அந்தப் பக்கமே போகும். சுடுதல் என்ற கலையில் பெரும்பகுதி இந்தச் சில மில்லி விநாடிக்குள் அடங்கிவிடுகிறது.

என்.சி.சி. யூனிட்டுகளில் சிலவற்றில் டீலக்ஸ் ரைபிள் இருக்கும். சிலவற்றில் லீ-என்ஃபீல்டு வம்சத்து ரைபிள் இருக்கும். 1907இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்க் 3 ரைபிளின் அமைப்பை .22 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியது இரண்டாவது ரகம். ஏறக்குறைய 4 கிலோ எடை. பழசு என்று முகம் சுளிக்காதீர்கள். ட்ரிகர் பழகுவதற்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அதன் ட்ரிகரின் மேல்பாகத்தில் இரண்டு சிறிய மேடுகள் உண்டு. முதல் மேடு சியரைத் தள்ளும்போது விரல் லேசாகப் பின்னே போகும். அது ஃபர்ஸ்ட் பிரஷர். இரண்டாவது மேடு வந்து தொட்டதும் கனம் சட்டென்று கூடி விரல் நின்றுவிடும். அதற்குமேல் கொடுக்கிற அழுத்தம் செகண்ட் பிரஷர். அதன் முடிவில்தான் வெடிக்கும். ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்கள்? ஓடுகிற, விழுகிற, அகழிக்குள் குதிக்கிற சிப்பாயின் கையில் கவ்வல் ஆழமாக இருந்தால்தான் தானாக நழுவாது. ஆனால் சுடும் நேரத்தில் நழுவவேண்டிய தூரம் சிறிதாக இருந்தால்தான் குறி கலையாது. ஆழத்தில் பெரும்பகுதியை ஃபர்ஸ்ட் பிரஷரில் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் நூலளவை மட்டும் செகண்ட் பிரஷருக்கு வைத்துவிட்டார்கள். நூறு ஆண்டு தாண்டியும் இந்த யோசனைக்கு வயதாகவில்லை. இன்றைய பந்தய ரைபிள்களிலும் இரண்டு கட்ட ட்ரிகரைத்தான் பெரும்பாலோர் விரும்பி வைத்துக்கொள்கிறார்கள்.

“டைட்டா இருக்கு” என்று நீங்கள் சொல்வது இந்தச் செகண்ட் பிரஷரைத்தான். படைக்கு என்று செய்த ட்ரிகரில் அது இரண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அது கோளாறு அல்ல, செய்தபோதே வைத்த அளவு. 4 கிலோ ரைபிளில் இரண்டரை கிலோ விசையைச் செலுத்துகிறீர்கள். அந்த விசை நேராகப் பின்னால் வராமல் சற்றே பக்கவாட்டில் போனாலும் குழல்வாய் திரும்பிவிடும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே விரலை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் இருக்கும் சதை, இல்லாவிட்டால் அந்த முதல் கணுவின் மடிப்பு. கை அளவைப் பொறுத்து இரண்டில் ஒன்று. விரல் முழுவதையும் உள்ளே நுழைத்துக் கொக்கியாக வளைத்தால் விசை பக்கத்துக்குப் போகும். விரலின் அடிப்பாகம் கட்டையை உரசாமல் சற்று விலகி இருக்க வேண்டும். உரசினால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் கட்டையையும் சேர்த்துத் தள்ளுவீர்கள். மற்ற மூன்று விரலும் பிடித்த பிடியை மாற்றவே கூடாது. ட்ரிகரை அழுத்தும்போது கூடவே மொத்தக் கையையும் இறுக்குவது எல்லோருக்கும் வரும் முதல் நோய்.

வீட்டில் மாடு கறக்கிறவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே புரியும். காம்பைச் சுண்டி இழுத்தால் மாடு உதைக்கும். அழுத்தம் சிறிது சிறிதாக ஏறி, பால் தானாக இறங்க வேண்டும். செகண்ட் பிரஷரும் அப்படித்தான். எந்த நொடியில் வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது. குறி கண்ணில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, மூச்சு பாதி வெளியே போய் நிற்கிறது, விரல் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. நடுவில் வெடி. வெடித்த பிறகும் ட்ரிகரை உடனே விட்டுவிடாமல் பின்னாலேயே வைத்துக்கொண்டு, முன்காட்சி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். அதற்குப் பெயர் ஃபாலோ த்ரூ. பத்து விநாடி போனாலும் வெடிக்கவில்லையா? விரலை எடுத்து, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்குங்கள். கண் மங்கிக் கை நடுங்கும்போது “எப்படியோ போகட்டும்” என்று சுண்டிய ரவுண்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்: கறுப்பு வட்டத்துக்குக் கீழே, ஓரமாக. அந்த ஓட்டையைக் காட்டிவிட்டு ட்ரிகரைத் திட்டுகிறவர்களிடம் நான் வாக்குவாதம் செய்வதில்லை. அடுத்த ஐந்து ரவுண்டுகளுக்கு நடுவில், அவர்களுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைச் செருகிவிடுவேன். வெடிக்காத அந்த ஒரு தடவையில் குழல்வாய் குபுக்கென்று கீழே இறங்கும். தோள் முன்னே பாயும். அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

“மலைப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறி உண்டு” என்று மேடையில் யாராவது பேசினால் கைதட்டிவிட்டு மறந்துவிடுங்கள். ஆடி 17, 18இல் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது இந்தப் பேச்சு தவறாமல் வரும். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியதும் நினைவூட்டப்படும்: ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என்று கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. பாட்டு அருமையானது. ஆனால் அந்த வேட்டுவன் எத்தனை ஆயிரம் தடவை நாண் இழுத்துப் பழகியிருப்பான் என்பதைப் பாட்டில் எதிர்பார்க்க முடியாது. விழாவில் நடக்கும் வில்வித்தைப் போட்டியில் நின்றவர்கள் உங்களில் இருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நாணை விரலால் தட்டிவிடுகிறவனின் அம்பு ஆடிக்கொண்டு போகிறது. விரலின் இறுக்கத்தைத் தளர்த்தி நாணைத் தானாக நழுவவிடுகிறவனின் அம்பு நேராகப் போகிறது. ரைபிளுக்குப் பழக உங்களுக்குக் கையிலிருக்கும் முதல் இந்த அறிவுதான், ரத்தம் அல்ல.

பழக்கத்துக்குத் தோட்டா தேவையில்லை. உலகத்தின் பெரிய சுடுவீரர்கள் பலரும் தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பழகும் நேரம், சுடுகிற நேரத்தைவிட அதிகம். நாம் ட்ரை ப்ராக்டிஸ் என்கிறோம். ஏர் ரைபிள்களில் பந்தய ரகங்களுக்கு இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆனால் .22 ரைபிளை வெறுமனே தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். தோட்டா இல்லாத இடத்தில் பின் போய், தோட்டா உட்காரும் சேம்பரின் எஃகு விளிம்பிலேயே இடித்து இரண்டையும் கெடுத்துவிடும் அபாயம் உண்டு. ஸ்னாப் கேப் என்கிற போலித் தோட்டாவைப் போட்டுத்தான் பழக வேண்டும். ஸ்பிரிங் வைத்த சாதாரண ஏர் கன்னையும் ரவை இல்லாமல் சுடக் கூடாது. முன்னால் தடுக்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் போய் முட்டிப் பழுதாகும். குழலின் நுனியில், முன்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். நாணயம் விழாமல் இருபது தடவை வந்தால், அன்றைக்குத் தோட்டா செலவழிக்க உங்களுக்குத் தகுதி உண்டு.

இனி அழுக்குக்கு வருகிறேன். இதில்தான் மலையில் இருக்கிற உங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு.

.22 தோட்டாவின் ஈயக் குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். சுடச்சுட அந்த மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்து போல்ட் முகத்தில், காக்கிங் பீஸின் அடியில், சியர் எட்டிப்பார்க்கிற பள்ளத்தில் ஒரு கறுப்புப் பசையாக அப்பிக்கொள்ளும். அதுதான் ஃபர்ஸ்ட் பிரஷரில் மணல் அரைபடுகிற மாதிரி விரலுக்குத் தெரிவது. கல்லூரி முதலாண்டு மாணவன் அதைத் தொட்டதும் “ட்ரிகர் ஸ்பிரிங் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவான். போல்ட்டைக் கழற்றுங்கள். முதலில் காலி செய்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு. பழைய பல் தேய்க்கும் பிரஷால் அந்தப் பள்ளத்தையும் காக்கிங் பீஸையும் தேயுங்கள். காய்ந்த துணியால் துடையுங்கள். குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிற்றை எப்போதும் சேம்பர் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். வாயிலிருந்து உள்ளே இழுத்தால் கரி முழுவதும் ட்ரிகர் பக்கம்தான் வந்து விழும். கேடட்டின் வேலை இத்தோடு முடிந்தது. ட்ரிகர் கார்டு திருகைக் கழற்றுவது, ஸ்பிரிங்கை நோண்டுவது, பின்னைத் தட்டி எடுப்பது எல்லாம் ஆர்மரரின் வேலை. பந்தய ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ட்ரிகர் பெட்டியில் சரிசெய்யும் திருகுகள் இருக்கும். எது எதற்கு என்று கையேட்டில் போட்டிருக்கும். அதற்கு மேல் உள்ளே போகாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் எல்லோருக்கும் கை தாராளம். ட்ரிகர் கனமாக இருக்கிறதா, ஊற்று எண்ணெய். ஊற்றிய எண்ணெய் அடுத்த வாரம் தூசியையும் கரியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பழைய நிலைமையைவிட மோசமாக்கும். ட்ரிகர் பாகங்கள் ஏறக்குறைய காய்ந்த நிலையில் இருப்பதே நல்லது. துரு பிடிக்காமல் இருக்க, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவி, காய்ந்த துணியால் அதையும் துடைத்து எடுத்தால் மிஞ்சுகிற படலம் போதும். அதிலும் தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மார்கழியில் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்பு மேட்டில் வைத்து எடுக்கிற ஊர் உங்களுடையது. சியரிலும் அது அப்படியே உறையும். உறையாத காலத்தில் காறிப்போய்ப் பிசினாகும். ஸ்பிரிங் ஏர் கன்னில் கண்ட எண்ணெயையும் விட்டால் பிஸ்டன் சூட்டில் அது பற்றி வெடிக்கிற ஆபத்துகூட உண்டு.

பனிமூட்டம் இன்னொன்று. அடிவாரத்துக் காரவள்ளியில் வெயில் கொளுத்தும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேடு வந்தால் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் தேவைப்படும். குளிர்ந்த ரைபிளைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுபோய் உறையை உடனே திறந்தால், இரும்பின் மேல் வியர்த்தது போல நீர் கோத்துக்கொள்ளும். வெளியே தெரிகிற நீரைத் துடைப்பீர்கள். ட்ரிகர் பெட்டிக்குள் கோத்ததை யார் துடைப்பது? உறைக்குள்ளேயே விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். ஈரமான உறையில், முக்கியமாகத் தோல் உறையில், ராத்திரி முழுவதும் வைக்காதீர்கள்.

மரக்கட்டை வைத்த ரைபிளுக்கு ஈரம் இன்னொரு வேலையும் செய்யும். இது பலருக்குத் தெரியாது. லீ-என்ஃபீல்டின் பழைய ரகங்களில் ட்ரிகர் ரைபிளின் இரும்பு உடலில் தொங்குவதில்லை. கீழே இருக்கும் ட்ரிகர் கார்டில் மாட்டியிருக்கும். கார்டோ மரத்தை அணைத்து இறுகியிருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஊதினாலும் பங்குனி வெயிலில் சுருங்கினாலும் ட்ரிகருக்கும் சியருக்கும் இடையிலுள்ள தூரம் மாறும். அழுத்தமும் மாறும். ஒரு பருவத்தில் தெளிவாக இருந்த இரண்டு கட்டங்கள் இன்னொரு பருவத்தில் ஒன்றாகக் குழம்பிப்போவது இதனால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த நான்காம் எண் லீ-என்ஃபீல்டின் மார்க் 2 ரகத்தில் ட்ரிகரை இரும்பு உடலிலேயே தொங்கவிட்டு இந்தத் தொல்லையை ஒழித்தார்கள். பழைய ரகம் கையில் வந்தால் திருகை முறுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, “போன மாதம் இரண்டு கட்டமும் தனித்தனியாக இருந்தது, இப்போது இல்லை” என்று ஆர்மரரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

சுத்தம் செய்து மாட்டிய பிறகு காலி ரைபிளில் செய்து பார்க்கவேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. போல்ட்டை மூடிக் காக் செய்துவிட்டு சேஃப்டியைப் போடுங்கள். ட்ரிகரை நன்றாக அழுத்துங்கள்; ஒன்றும் நடக்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்குங்கள். அப்போதும் ஒன்றும் நடக்கக் கூடாது. சேஃப்டியை விலக்கிய கணத்தில் பின் பாய்ந்தால் அந்த ரைபிளை அப்படியே கீழே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடுத்து, போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள். காக்கிங் பீஸ் நிற்காமல் கூடவே முன்னே ஓடிவிட்டால் கவ்வல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ட்ரிகரை அழுத்தி விட்டால் தானாக முன்னே வந்து நிற்க வேண்டும். சோம்பலாகப் பாதியில் நின்றால் அழுக்கு இன்னும் போகவில்லை.

அரம் போடுவதைப் பற்றிச் சொன்னேன். சியரின் விளிம்பும் அதைக் கவ்வும் விளிம்பும் மேலாக மட்டும் கடினப்படுத்திய எஃகு. அந்தக் கடினத் தோல் மிக மெல்லியது. “கொஞ்சம் பாலிஷ் போட்டால் ட்ரிகர் வெண்ணெயாக வழுக்கும்” என்று எந்தக் கடைக்காரராவது சொல்லி அரத்தை எடுத்தால், தோல் போய் அடியிலிருக்கும் மிருதுவான இரும்பு வெளியே வரும். அவர் சொன்னபடியே நாலு நாள் வழுக்கும். ஐந்தாம் நாள் விரல் படாமலே வழுக்கும். நான் மிகைப்படுத்தவில்லை. ட்ரிகருக்குள் நூலளவு விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ரெமிங்டன் 700 என்கிற வேட்டை ரைபிள் 1962இல் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. அதன் பழைய ட்ரிகருக்குள், தனியாக மிதக்கும் ஒரு சிறு இணைப்புத் துண்டு இருந்தது. அதன் இடுக்கில் தூசியோ பிசினோ புகுந்தால் விரல் படாமலே வெடிக்கக்கூடும் என்று பல ஆண்டுகளாக வழக்குகள் நடந்தன. நிறுவனம் குற்றத்தை ஏற்கவில்லை. ஆனால் கடைசியில் ட்ரிகர்களை மாற்றித்தரும் சமரசத்துக்கு வந்தது. அந்தப் பழைய ட்ரிகருக்குப் பதிலாக வந்த புதிய ரகத்தையும் 2014இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம் என்ன தெரியுமா? தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டும்போது பசை சற்று அதிகமாகிவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். கொல்லிமலையில் மட்டும் என்று இல்லை. கல்வராயன், ஜவ்வாது, பச்சமலை எங்கும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் இருக்கும் வீடுகள் உண்டு. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் மரவள்ளிக் காட்டைப் புரட்டிப்போடும் கொடுமையை அனுபவிக்காதவர்கள் அதைப் பற்றி உபதேசம் செய்வது சுலபம். எனக்கு உபதேசம் செய்யும் எண்ணம் இல்லை. ட்ரிகர்காரனாக மட்டும் பேசுகிறேன். கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டித்து, கேப்பு வைத்துச் சுடும் அந்தத் துப்பாக்கியில், மேலே நிமிர்ந்து நிற்கும் குதிரையைப் பிடித்திருக்கும் கவ்வல் எவ்வளவு ஆழம், எவ்வளவு கடினம், எத்தனை கிலோவுக்கு விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்தவருக்கே தெரியாது. ஒரு நாள் இரண்டு விரல் போட்டு இழுத்தாலும் வராது. இன்னொரு நாள் தோளிலிருந்து இறக்கும்போதே தட்டிவிடும். சேஃப்டி என்பதே கிடையாது. இருட்டில் புதர் அசைந்தது என்று சுட்டு மனிதன் விழுந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தத் துப்பாக்கியில் பழகிய விரல் ரேஞ்சுக்கு வந்தாலும் சுண்டத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை உதறவைப்பதற்கே எனக்குப் பாதி முகாம் போய்விடுகிறது.

சட்டமும் முன்போல் இல்லை. ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. வேட்டையாடினால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக வரும். போலீசார் அவ்வப்போது ஊர் ஊராக வந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அப்படித் தாமாகக் கொடுக்கிறவர்கள் மேல் வழக்கு இல்லை என்று அறிவிப்பதும் உண்டு. வாழவந்தி நாடு, செங்கரை இரண்டு இடத்திலும் காவல் நிலையம் இருக்கிறது. அப்பாவிடமோ தாத்தாவிடமோ நீங்களே பேசுங்கள். கூச்சமாக இருந்தால் ஊர்க்கவுண்டரை முன்னால் வைத்துப் பேசுங்கள். வழக்கு ஒன்று வீட்டில் விழுந்தால் போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் விண்ணப்பிக்கிற உங்கள் மேலும் அதன் நிழல் விழும்.

சுட ஆசை இருக்கிறவர்களுக்கு நேர்வழியும் திறந்தே இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அந்த இலக்கில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ரவையே அதைவிட ஒன்பது மடங்கு பருமன். இந்தப் போட்டியில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று எதுவும் விதியில் இல்லை. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிளுக்கு 1,500 கிராம் என்று உண்டு; ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டே நடுவர் சோதிப்பார். எடை வரம்பு இல்லாத ஏர் ரைபிளில் விரல் பட்டதும் விடுகிற அளவுக்கு ட்ரிகரை மெலிதாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொடங்கும்போதே அப்படி வைத்துக்கொள்கிறவர்களை நான் தடுப்பேன். கனமான ட்ரிகரை அசைக்காமல் அழுத்தத் தெரிந்த விரல் மெலிதானதையும் அழுத்தும். மெலிதானதில் மட்டும் பழகிய விரலுக்கு, கனமானது வந்தால் திரும்பவும் சுண்டத்தான் தெரியும். அந்தப் பழைய லீ-என்ஃபீல்டை வாத்தியார் என்று சொன்னது இதனால்தான்.

அடுத்த முகாமுக்கு வரும்போது ஆள்காட்டி விரல் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். கைக்குட்டை அளவில் வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு, பழைய பல் பிரஷ் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று கொண்டுவாருங்கள். குறி கண்ணில் உட்காரும்வரை விரல் ட்ரிகர் கார்டுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். உள்ளே வைத்திருப்பவரை அன்று முழுவதும் இலக்குகள் நிற்கும் பட்ஸில் காகிதம் ஒட்ட அனுப்பிவிடுவேன். அதன் பிறகும் “ட்ரிகர் டைட்டா இருக்கு” என்று சொல்ல வந்தீர்களானால், போல்ட்டைக் கழற்றித் துடைத்தாயா என்று கேட்பேன். பதிலோடு வாருங்கள்.

அன்புடன்,
ரேஞ்சில் உங்கள் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர்